மேக வாசல்

தாதோங் நகரில் டிசம்பர்.
ஜன்னல் விளிம்பில் துடைத்த கரி
காலையில் மறுபடி அங்கேயே இருக்கும்.
துடைக்கிறவள் நான்.
இருமுகிறவர் ஷோசெங்.
இருபத்தாறு வருடம் ஏழாம் சுரங்கம்;
இப்போது மூன்றாவது மாடி ஏறுவதற்குள்
இரண்டு முறை உட்கார்ந்துவிடுகிறார்,
ஷூ கயிற்றைக் கட்டுகிறவர் போல.
அந்த ஷூவில் கயிறே கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெய்
சட்டையைக் கழற்றச் சொன்னாள்.
"கையை முன்னால் நீட்டுங்கள்.
காறை எலும்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா?
அதற்கு யுன்மென் என்று பெயர்.
மேக வாசல்."

அவருக்குச் சிரிப்பு வந்தது,
வந்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
நானூறு மீட்டர் ஆழத்தில் கிடந்தவனுக்கு
இத்தனை உயரத்திலா வாசல் வைப்பார்கள் என்றார்.

அளக்க நாடா இல்லையாம்.
அவரவர் எண்சாண் உடம்புக்கு
அவரவர் விரல்தான் அளவு.
நான்கு விரல் சேர்த்து வைத்தால் மூன்று சுன்;
நடு நெஞ்சிலிருந்து இரண்டு முறை வைத்தால்
வாசல் வந்துவிடும்.
அவர் வலது கையை வைத்தார்.
டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மோதிர விரலை ஒரு கன்வேயர் பெல்ட்
எடுத்துக்கொண்டு போய்விட்டது.
நஷ்ட ஈட்டில் வாங்கிய ஃப்ரிட்ஜ்
இன்னும் ஓடுகிறது, சத்தமாக.

"இடது கை வையுங்கள்."

இடது கை போய் நின்ற இடத்தில்
அந்த நீலத் தழும்பு.
வேலைக்குச் சேர்ந்த வருடம் கல் கிழித்தது.
காயத்துக்குள் கரித்தூள் தங்கிவிட
தோல் அதன்மேல் மூடிக்கொண்டது.
கல்யாணமான புதிதில் மச்சம் என்று நினைத்தேன்.
மச்சம் என்றே வைத்துக்கொள் என்றார்.

ஊசியைச் சாய்த்து, தோள் பக்கமாக, மேலோட்டமாக.
நேரே இறக்கினால் நுரையீரல்.
"அங்கே இனிமேல் இறக்க இடமில்லை" என்றார் இவர்.
டாக்டர் சிரிக்கவில்லை.
எக்ஸ்ரேயைப் பார்த்தவள் அவள்.
இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக வெள்ளை,
ராத்திரி விளக்கடியில் பனி விழுவது போல.
இத்தனை வருடக் கறுப்பு
படத்தில் வெள்ளையாகத்தான் விழுமாம்.

"இது எதையும் கரைக்காது" என்றாள்
ஊசியை எடுத்தபடி.
"மூச்சுக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும்.
சில நாள் அதுவும் செய்யாது."
இதுவரை பார்த்த டாக்டர்களில்
இவளை மட்டும்தான் நான் நம்பினேன்.

ராத்திரிக்கு ஊசி கிடையாது.
என் கட்டைவிரல்தான்.
இருட்டில் தழும்பைத் தேட வேண்டியதில்லை,
சுற்றியுள்ள தோலைவிட அது வழவழப்பு.
அழுத்துகிறேன். விடுகிறேன்.
ஆக்ஸிஜன் மெஷின் ஓரத்தில் முனகுகிறது.
எந்த மேகமும் வரவில்லை, போகவில்லை.
இரண்டு மணிக்கு ஒரு மூச்சு
முட்டாமல் உள்ளே போய் வெளியே வந்தது.
இருவரும் அசையாமல் படுத்திருந்தோம்,
அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்பது போல.

பிறகு அவர் சொன்னார்:
"உனக்கு எங்கே இருக்கிறது, பார்ப்போம்."

எனக்கு என் விரலால்தான் அளக்க வேண்டும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் வலது கையை நெஞ்சில் வைத்துவிட்டார்.
மூன்று விரல்.
பக்கத்தில் இன்னொரு மூன்று.
கணக்கு வாசலுக்கு வெகு முன்னாலேயே நின்றுபோனது.
அந்த இடத்தில் அழுத்தி,
"சரியா?" என்றார்.

அதற்கும் டாக்டரிடம் ஏதாவது பெயர் இருக்கும்.
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"சரிதான்," என்றேன்.
"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்."